சிரை டாப்ளரும் சித்திரகுப்தன் கணக்கும்

“சார், தலையில வெயின் டாப்ளர்னு ஒண்ணு எடுத்தா, ஆள் எந்திரிப்பாரா மாட்டாரான்னு அன்னைக்கே தெரிஞ்சிடுமாமே?”

ஐசியு வாசலில் இந்தக் கேள்வி கொஞ்ச காலமாக என்னைத் துரத்துகிறது. கேட்கிறவர் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. யாரோ ஒரு சித்தப்பா செல்போனில் வீடியோ பார்த்திருப்பார். அல்லது பக்கத்துப் படுக்கைக்காரரின் மைத்துனர் சொல்லியிருப்பார். கேள்வியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதன் வாலாக வருகிற பேச்சுதான் வயிற்றைக் கலக்கும்: “தெரிஞ்சிட்டா நாங்களும் ஒரு முடிவுக்கு வந்துடுவோம் சார்.” அந்த முடிவு என்னவென்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். வாயில் குழாயோடு ஆம்புலன்ஸில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோவது, வீட்டுத் திண்ணையில் இறக்கியதும் குழாயை எடுத்துவிடுவது.

எனவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூளையின் சிரைகளை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியும். நானே பார்க்கிறவன்தான். அதில் வருகிற எண்ணை வைத்து, மூளையில் ரத்தம் கசிந்து கிடக்கும் ஒருவர் பிழைப்பாரா, எழுந்து நடப்பாரா என்று சொல்ல முடியாது. சொல்கிறவர் மருத்துவம் பேசவில்லை, ஜோசியம் பார்க்கிறார்.

அந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். காதுக்குச் சற்று முன்னால், கன்ன எலும்புக்கு மேலே, மண்டையோடு மெலிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஜெல் தடவி, 2 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் புரோபை வைத்து, ஒலி அலை உள்ளே நுழையும் வழியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தேட வேண்டும். திரையின் நடுவில் பட்டாம்பூச்சி வடிவத்தில் நடுமூளை கருப்பாகத் தெரிந்தால் வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதை வளைத்துக்கொண்டு ஒரு தமனி போகும். அதை ஒட்டியே, 6, 7 சென்டிமீட்டர் ஆழத்தில், ரோசந்தால் சிரை என்று நாங்கள் சொல்லும் குழாய் ஓடுகிறது. மூளையின் ஆழத்தில் வேலை முடித்த ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிற பாதைகளில் அது ஒன்று. தமனியைப் பிடித்தால் ஸ்பீக்கரில் விஷ்க், விஷ்க் என்று துடிப்பு கேட்கும். சிரையைப் பிடித்தால் மெல்லிய இரைச்சல் மட்டும்தான், ஏறக்குறைய ஒரே சுருதியில்.

மூளையின் பெரிய தமனியில் ரத்தம் நொடிக்குச் சராசரியாக 60 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றால், இந்தச் சிரையில் 10 சென்டிமீட்டரைச் சுற்றித்தான். இவ்வளவு சிறிய எண்ணில் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும். புரோபும் குழாயும் ஒரே நேர்கோட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டு அளந்தால் 10 என்று வரும் வேகம், 45 டிகிரி கோணத் திருத்தம் போட்டால் 14 ஆகிவிடும். நோயாளி அசையவில்லை, நோய் முற்றவில்லை. மாறியது அளந்தவரின் கோணம். ரத்தத்தில் கரியமில வாயு ஏறி இறங்கினாலும், வென்டிலேட்டரில் காற்றழுத்தத்தை மாற்றினாலும் எண் நகரும். வயதானவர்களில், குறிப்பாகப் பெண்களில், கணிசமானவர்களுக்கு எலும்பு தடித்துப்போய் ஒலி உள்ளேயே போகாது. பக்கவாதம் அதிகம் வருகிற வயதும் அதுதான்.

மண்டையோடு அல்ட்ராசவுண்டுக்காரர்களை ஏமாற்றுவது புதிதல்ல. வியன்னாவில் கார்ல் டுசிக் என்ற நரம்பியல் மருத்துவர் 1942-லேயே தலையின் இரு பக்கமும் கருவியை வைத்து மூளையைப் படமெடுத்ததாக எழுதினார். மூளையின் உள்ளறைகள் படத்தில் தெரிகின்றன என்று அவர் முழு மனதோடு நம்பினார். பத்து ஆண்டு கழித்து, மூளையே இல்லாத வெற்று மண்டையோட்டைத் தண்ணீரில் வைத்து எடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதே படம் வந்தது! எலும்பு ஒலியை விழுங்கிய விதத்தைத்தான் அவர் மூளை என்று நினைத்திருக்கிறார். மெலிந்த எலும்பின் வழியே தமனியின் ஓட்டத்தை நம்பகமாக அளக்க, ரூனே ஆஸ்லிட் என்ற நார்வேக்காரர் 1982-ல் வர வேண்டியிருந்தது. அவர் பிடித்தது தமனியை. சிரை அதைவிட மெதுவானது, மெலிந்தது, ஆளுக்கு ஆள் போகிற பாதையே வேறு.

சரி, ஆராய்ச்சியாளர்கள் ஏன் சிரையைப் பார்க்கிறார்கள்? காரணம் இருக்கிறது. மண்டையோடு விரியாது. உள்ளே 30 மில்லி ரத்தம் கூடுதலாக வந்தால் வேறு ஏதோ இடம் விட வேண்டும். முதலில் மூளைத்தண்டுவட நீர் வெளியேறும். மெல்லிய சுவர் கொண்ட சிரைகளும் நசுங்க ஆரம்பிக்கும். இந்தக் கணக்கை அலெக்சாண்டர் மன்றோ 1783-லும் ஜார்ஜ் கெல்லி 1824-லும் ஸ்காட்லாந்தில் எழுதிவைத்துவிட்டார்கள். ஆக, உள்ளழுத்தம் ஏறுவதைச் சிரை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கலாம் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிடும், முழுக்க அடைத்தால் நின்றுவிடும். சிரையும் அப்படித்தான். கொஞ்சம் நசுங்கினால் வேகம் கூடும், நிறைய நசுங்கினால் குறையும். அப்படியானால் நடுவில் ஒரு கட்டத்தில் இயல்பான வேகமே திரையில் வரும். அந்த நேரத்தில் அளந்தவர் “சிரை நார்மல்” என்று எழுதிக் கொடுப்பார். குடும்பம் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கும்.

இந்த விஷயத்தில் வந்திருப்பவை சிறு ஆய்வுகள். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய ஆய்வுக்கு முன்னால் சிறிய ஆய்வு வந்தாக வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட ஆய்வு என்ன சொல்ல முடியும்? மோசமானவர்கள் ஒரு கூட்டம், தேறியவர்கள் ஒரு கூட்டம், இரண்டுக்கும் சராசரியில் வித்தியாசம் உண்டு என்று சொல்லலாம். கூட்டத்தின் சராசரி 4 எண் தள்ளியிருக்கிறது என்பதை வைத்து 7-ம் நம்பர் படுக்கையில் இருக்கும் உங்கள் அப்பாவுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. தேறிய கூட்டத்திலும் மோசமான எண் உள்ளவர்கள் இருப்பார்கள், இறந்தவர்களிலும் அழகான எண் உள்ளவர்கள் இருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தை வீடியோ போடுகிறவர்கள் ஒருவரும் சொல்வதில்லை.

வதந்திக்கு இன்னொரு வேரும் உண்டு என்று நினைக்கிறேன். பிரசவமாகிச் சில நாட்களில் கடும் தலைவலி, வலிப்பு, பிறகு சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு என்று சில இளம்பெண்கள் வருவார்கள். அங்கே குற்றவாளி உண்மையிலேயே சிரைதான். மூளையின் சிரைக்குள் ரத்தம் உறைந்து வடிகால் அடைத்துக்கொண்டதால் வந்த கசிவு அது. கண்டுபிடிப்பது அல்ட்ராசவுண்டில் அல்ல, சிடி அல்லது எம்ஆர் வெனோகிராமில். ரத்தம் கசிந்திருந்தாலும் அவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தைக் கொடுப்போம். கேட்கவே விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் சிகிச்சை. இவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறுவார்கள். 624 பேரைத் தொடர்ந்து பார்த்து 2004-ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் நூற்றுக்கு 79 பேர் முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ குணமானார்கள். “அந்தப் பொண்ணுக்கு வெயின் ஸ்கேன் எடுத்தாங்க, பொழைச்சிக்குவான்னு சொன்னாங்க, பொழைச்சிட்டா” என்று ஊரில் பேச்சு பரவும். பி.பி. ஏறித் தமனி வெடித்த 60 வயதுக்காரருக்கும் அதே கதையைப் பொருத்திப் பார்ப்பார்கள். நோயே வேறு ஐயா!

சிரையை அல்ட்ராசவுண்டில் பார்த்து உலகமே ஏமாந்த கதை ஒன்று சமீபத்தில்தான் நடந்தது. எங்கள் துறையில் இருப்பவர்கள் அதை மறக்கக் கூடாது. இத்தாலியின் ஃபெராரா நகரில் பாவ்லோ சாம்போனி என்ற அறுவை மருத்துவர், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்குக் காரணம் கழுத்துச் சிரைகள் சுருங்கியிருப்பதுதான் என்று 2009-ல் எழுதினார். அல்ட்ராசவுண்டில் ஐந்து அடையாளங்கள் வகுத்தார். சிரையை பலூனால் விரித்தால் நோய் தணியும் என்றார். கனடாவிலிருந்து நோயாளிகள் கடன் வாங்கிக்கொண்டு போலந்துக்கும் நம் இந்தியாவுக்கும்கூடப் பறந்தார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012-ல் எச்சரித்தது. 2013-ல் கனடா மருத்துவர்கள் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். சிரை பாதிக்கு மேல் சுருங்கியிருந்தவர்கள் நோயாளிகளில் 74 சதவீதம், நோயே இல்லாத அந்நியர்களில் 70 சதவீதம். கடைசியில் சாம்போனியே நடத்திய பெரிய சோதனை, அந்தச் சிகிச்சையால் பயனில்லை என்று 2017-ல் வெளிவந்தது. அந்த நேர்மைக்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் நடுவில் போன எட்டு வருடத்தையும் பணத்தையும் யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

இப்போது நான் கோபப்படுகிற இடத்துக்கு வருகிறேன். தவறான ஜோசியம் வெறும் பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். மூளை ரத்தக்கசிவில் ஜோசியம் தன்னைத் தானே பலிக்க வைத்துக்கொள்ளும். “தேற மாட்டார்” என்று சொன்னதும் சிகிச்சையை நிறுத்துகிறார்கள், நிறுத்தியதால் இறக்கிறார், “பார்த்தீர்களா, டெஸ்ட்டில் சொன்னது சரியாகப் போச்சு” என்கிறார்கள். சியாட்டில் நகரத்தில் கைரா பெக்கர் குழுவினர் 2001-லேயே இதைச் சொன்னார்கள்: நோயாளியின் கதியைத் தீர்மானித்ததில் முன்னால் நின்றது, அவருக்கு எவ்வளவு தூரம் சிகிச்சை தொடர்ந்தது என்பதுதான்.

எங்களிடம் இருக்கும் கணக்குகளில் நன்கு பரிசோதிக்கப்பட்ட ஒன்றுக்கே எல்லை உண்டு. அது 2001-ல் சான் பிரான்சிஸ்கோவில் வகுத்த மதிப்பெண் முறை. ஐந்தே விஷயம்: நினைவு எப்படி இருக்கிறது, ரத்தக்கட்டு 30 மில்லியைத் தொட்டுவிட்டதா, மூளையின் உள்ளறைகளுக்குள் ரத்தம் இறங்கியிருக்கிறதா, கசிவு சிறுமூளை அல்லது மூளைத்தண்டுப் பகுதியிலா, வயது 80 ஆகிவிட்டதா. ரத்தக்கட்டின் அளவுக்குத் தனி மெஷின் வேண்டாம். சிடி படத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் போதும். ஆனால் இந்த மதிப்பெண்ணை மட்டும் கொண்டு தனி ஒருவரின் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் 2022 வழிகாட்டி கையைப் பிடித்துத் தடுக்கிறது. உயிர் காக்கும் சிகிச்சை வேண்டாம் என்கிற முடிவைக் குறைந்தது இரண்டாவது முழு நாள் வரையாவது தள்ளிப்போடச் சொல்கிறது. ஏன் என்றால், நினைவு மோசமாக இருந்த நோயாளிகளுக்கு முதல் ஐந்து நாள் முழுச் சிகிச்சை கொடுத்துப் பார்த்த 2015 அமெரிக்க ஆய்வில், மதிப்பெண் கணக்குப்படி நூற்றுக்கு 50 பேர் இறந்திருக்க வேண்டும். இறந்தது 20 பேர். மீதி 30 பேரின் உயிர் எந்த மெஷினின் எண்ணிலும் இல்லை.

இன்னொன்று. ரத்தக்கசிவு வந்து ஒரு மாதம் ஆகியும் பிறர் உதவியின்றி நடக்க முடியாமல் இருந்த 700-க்கும் மேற்பட்டவர்களை ஒரு வருடம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். 2022-ல் வந்த அந்த ஆய்வில் நூற்றுக்கு 43 பேர், ஒரு வருடத்துக்குள் பிறர் தாங்காமல் நடக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். முப்பதாம் நாள் நிலைமையே ஒரு வருடத்துக்குப் பின் உள்ளதைச் சொல்லவில்லை என்றால், முதல் நாள் சாயங்காலம் நெற்றியோரத்தில் வைத்த புரோப் எப்படிச் சொல்லும்?

அல்ட்ராசவுண்டுக்கு ஐசியுவில் வேலை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. மூளையின் நடுக்கோடு எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று படுக்கையிலேயே பார்க்கலாம். கண்ணின் பின்னால் நரம்புறை வீங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். தமனியின் துடிப்பு நேற்றைவிட இன்று கூர்மையாகி இருந்தால் அழுத்தம் ஏறுகிறதோ என்று உஷாராகலாம். வென்டிலேட்டரில் இருப்பவரைச் சிடி அறைக்கும் ஐசியுவுக்கும் இழுத்தடிக்காமல் ஒரு நாளைக்கு நாலு தடவை பார்க்கலாம். சிரை அளவும் நாளைக்கு இந்த வரிசையில் சேரலாம். காவல்காரன் வேலை அது. சித்திரகுப்தன் வேலை கொடுக்காதீர்கள்.

அந்த டெஸ்ட்டுக்காகவே நோயாளியை வேறு ஊருக்கு மாற்றட்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. முதல் சில மணி நேரத்தில்தான் ரத்தக்கட்டு பெரிதாகும். அந்த நேரத்தை நெடுஞ்சாலையில் கழிக்காதீர்கள். அப்போது செய்ய வேண்டியது மிகச் சாதாரணமானது: மேல் ரத்த அழுத்தத்தை 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுக்குள் வைப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதன் வேலையை முறிப்பது. இந்த நாலையும் சேர்த்துச் சீக்கிரமாகச் செய்தாலே ஆறு மாதத்துக்குப் பின் நிலைமை தேறுகிறது என்று 2023-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 7,000-க்கு மேற்பட்ட நோயாளிகள், பத்து நாடுகள், இந்தியாவும் இலங்கையும் உட்பட. வீடியோ போட இதில் ஒன்றும் இல்லை, அதனால் யாரும் போடுவதில்லை.

மற்ற புளுகுகளுக்கு இவ்வளவு இடம் கொடுக்க மாட்டேன். விரல் நுனியிலும் காது மடலிலும் ஊசியால் குத்தி ரத்தம் வரவைத்தால் பக்கவாதம் போகும் என்பது பொய், நேரம்தான் போகும். புறா ரத்தத்தைத் தேய்ப்பதால் புறா மட்டும்தான் சாகும், கை கால் அசையாது. பக்கவாதம் என்றதும் ஆஸ்பிரினை வாயில் போடாதீர்கள். அடைப்பா கசிவா என்று சிடி பார்க்காமல் வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, கசிவாக இருந்தால் அது எரிகிற கொள்ளியில் எண்ணெய். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அலை மூளையைக் கெடுக்கும் என்பதும் வீண் பயம். அது ஒலி, கதிர்வீச்சு இல்லை.

ரத்தத்தை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. சிறுமூளையில் பெரிய கசிவு என்றால் ஆபரேஷன் உயிர் காக்கும். மேலே, மற்ற இடங்களில் எல்லோருக்கும் அவசரமாகத் திறப்பதால் லாபமில்லை என்று 2005-ல் 1,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தாகிவிட்டது. மூளையின் மேற்பரப்பை ஒட்டிய கசிவுகளில் சிறு துளை வழியே எடுப்பது பயன் தரும் என்று 2024-ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. எந்த இடம், எவ்வளவு என்பதை அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். “பி.பி. மாத்திரை ஆரம்பித்தால் விட முடியாதாம், அதனால் ஆரம்பிக்கவே இல்லை” என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஐசியுவில் பாதிப் பேர் அவர்கள்தான் என்று தோன்றும்.

உண்மையில் தேறுதலைப் பற்றிக் கவலை இருந்தால் பிசியோதெரபி பற்றிக் கேளுங்கள். இதைச் சொன்னால் “நீங்க எப்பவும் இதையேதான் சொல்றீங்க” என்பார்கள். ஆமாம், சொல்வேன். மூன்றாவது ஸ்கேனுக்கு நகையை அடகு வைக்கிற குடும்பம், பிசியோதெரபியைப் பத்து நாளில் நிறுத்திவிடுகிறது. “கை அசையல, எதுக்கு தண்டச் செலவு” என்பார்கள். மேலே சொன்ன 43 பேர் எழுந்தது பத்து நாளில் இல்லை. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தீர்களா என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள்.

அவசரமும் வேண்டாம். முதல் 24 மணி நேரத்திலேயே தூக்கி நிறுத்திப் பலமுறை நடக்க வைப்பது கெடுதல் என்று 2015-ல் 2,100 பேரிடம் நடந்த சோதனை காட்டிவிட்டது. பிறகு படிப்படியாகப் போகலாம். முதலில் கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்காருவது. அடுத்து, மேசையில் துண்டை விரித்து அதன்மேல் பலவீனமான கையை வைத்து, நல்ல கையால் முன்னும் பின்னும் தள்ளுவது. பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். தோள் இறுகாமல் காப்பது அதுதான். விழுங்க முடிகிறதா என்று நர்ஸ் சோதித்துச் சொல்லும் வரை பாசத்தில் கஞ்சி புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். எழுப்பும்போது விளங்காத கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு நழுவும். இடுப்பில் வேட்டியையோ பெல்ட்டையோ சுற்றிக் கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். எப்படி என்று பிசியோதெரபிஸ்ட் ஒரே தடவையில் காட்டித் தருவார். வீட்டில் இரண்டு பேர் கற்றுக்கொள்ளுங்கள், ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் இன்னொருவர் வேண்டும்.